மணி அடிக்காத வாக்குமூலம்

காலையில் எழுந்தான். மோட்டார் சுவிட்சைப் போட்டான். பல் தேய்த்தான். பால் பொங்கும் முன்பே அடுப்பை அணைத்தான். டீயை நின்றபடியே குடித்தான். மேலே தொட்டி நிறைந்து வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். குளித்தான். துண்டைப் பிழிந்து, உதறி, பால்கனிக் கம்பியில் போட்டான். இரண்டு முனையும் ஒரே நீளத்தில் தொங்குகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளிப் மாட்டினான். கட்டிலின் மேல் ஒன்றும் இல்லை என்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டான். சட்டை போட்டான். வீட்டைப் பூட்டினான்.

கீழே அத்தை காத்திருந்தாள். மனைவியின் அம்மா. பக்கத்துத் தெருவில் தனியாக இருப்பவள்.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"டீ குடிச்சேன்."

"டீ சாப்பாட்டுல சேர்த்தியா?"

பதில் வராது என்று அவளுக்குத் தெரியும். காகிதத்தில் சுற்றிய பன் ஒன்றைக் கையில் திணித்தாள். அதைப் பையில் போட்டுக்கொண்டான். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்."

"தெரியும் அத்தை. அப்புறம் சொல்றேன்."

அவள் கேட்க நினைப்பது எது என்பது அவனுக்குத் தெரியும். மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்பது. துக்க வீட்டில் கேட்டாள், அவன் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்பதற்கு முன்பே அவன் அப்புறம் என்று சொல்லிவிடுகிறான். அவளும் சரி என்று விட்டுவிடுகிறாள்.

நடந்தது இவ்வளவுதான். அவன் மனைவி துவைத்த துணிகளோடு மொட்டைமாடிக்குப் போனாள். வீட்டுக்கு வெளியே போகிற திறந்த படிக்கட்டு. படி ஈரமாக இருந்தது. வழுக்கி விழுந்தாள். இறந்துவிட்டாள். எதிர்வீட்டுத் தையற்கார அம்மா ஜன்னலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அவள் தனியாக ஏறியதையும் விழுந்ததையும் பார்த்தார். டாக்டரும் விழுந்த காயம் என்றுதான் எழுதினார். பழைய காலமாக இருந்தால் போலீஸ் அதோடு கையைக் கழுவியிருக்கும். ஆனால் காலம் மாறியிருந்தது. வாக்குமூல மொழி ஆய்வு மையம் என்று ஒன்று வந்திருந்தது. ஒருவர் என்ன செய்தார் என்று இந்த மையம் தேடுவதில்லை. செய்ததை எப்படிப் பேசுகிறார் என்று மட்டும் பார்க்கும். பேச்சு சரியில்லை என்றால் பொய் என்று சான்றிதழ் தரும். அந்தச் சான்றிதழை எந்த நீதிபதியும் இதுவரை தள்ளியதில்லை.

இன்று அவனுக்குக் கடைசி அமர்வு. சாயங்காலம் வீட்டுக்குப் போவதா சிறைக்குப் போவதா என்பது அவன் வாயில் இருந்தது. அவன் வாயோ, அத்தை சொல்வதுபோல, காசு கொடுத்தாலும் திறக்காத வாய்.

*

மையத்துக்குப் புதுக் கட்டடம் கிடைக்கவில்லை. முன்பு ஓட்டுநர் உரிமம் கொடுத்துக்கொண்டிருந்த அலுவலகத்தை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். நடையில் மஞ்சள் அம்புக்குறிகள் இன்னும் அழியவில்லை. 'ஒலி எழுப்பாதீர்' என்ற பலகைக்குக் கீழேதான் விசாரணை அறையின் கதவு. உள்ளே சுவரில் கண் பரிசோதனை அட்டை அப்படியே தொங்கியது. மேல் வரியில் யானை யானையாக எழுத்து, கீழே எறும்பு எறும்பாக. விசாரிக்கப்படுபவரின் நாற்காலி அதற்கு நேர் எதிரே. உட்கார்ந்தவன் கண் தன்னால் அங்கே போகும். கடைசி வரியைப் படிக்க முயன்றவர்கள் எல்லோரும் 'கவனத்தைத் திருப்பித் தப்பிக்கப் பார்ப்பவர்' என்ற வகையில் சேர்க்கப்பட்டார்கள்.

மேசைமேல் ஒரு மணி. ஹோட்டல் வரவேற்பில் இருக்குமே, உச்சந்தலையில் தட்டினால் டிங் என்னுமே, அது. மணிக்குப் பின்னால் மொழி ஆய்வாளர் அம்மாள். எந்தச் சொல்லில் பொய்யின் சாயல் தெரிந்தாலும் தட்டுவது அவர் வேலை. விரலை மணிக்கு மேலே தூக்கி வைத்தபடியே காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். அந்த விரல் வீட்டிலும் மடங்குவதில்லை என்று பேச்சு.

முதல் நாள் அவனிடம் பேர் கேட்டார்கள். சொன்னான்.

டிங்.

"பேருதாங்க அது."

டிங்.

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். முதல் மணி, யோசிக்காமல் சொன்னதற்கு. அது மனப்பாடம் செய்த பதில். இரண்டாவது, யாரும் கேட்காமலே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விளக்கம் கொடுத்ததற்கு. இயக்குநர் வெளிநாட்டில் குறுகிய காலப் பயிற்சி எடுத்தவர். எவ்வளவு குறுகியது என்று யாரும் கேட்டதில்லை. அங்கே குளிர் அதிகம் என்று மட்டும் அடிக்கடி சொல்வார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"லிஃப்ட் கம்பெனி. பாதுகாப்புச் சோதனை."

டிங்.

"'நான்' எங்க?" என்றார் இயக்குநர். "பொய் சொல்றவன் வாக்கியத்துலேர்ந்து தன்னை ஒளிச்சுக்குவான். பயிற்சியில முதல் பாடமே அதுதான்."

"நம்ம பேச்சுல யாருமே அதைச் சொல்றதில்லையே சார்."

"அதனாலதான் இங்க பொய் இவ்வளவு அதிகம்," என்றார் இயக்குநர், நெடுநாள் துக்கம் போல.

அடுத்த தடவை அவன் ஜாக்கிரதையாகப் பேசினான். நான் எழுந்தேன், நான் பல் தேய்ச்சேன், நான் டீ குடிச்சேன். மூன்றுக்கும் மணி அடித்தது. தன்னை அளவுக்கு மீறி முன்னிறுத்துகிறார் என்று எழுதினார்கள்.

தையற்கார அம்மாவையும் கூப்பிட்டார்கள். பார்த்ததைச் சொன்னார். மறுபடி கேட்டார்கள். அதையே அப்படியே சொன்னார். டிங், ஒத்திகை பார்த்த பேச்சு. மூன்றாம் தடவை பயத்தில் ஒரு சொல்லை மாற்றினார். டிங், முரண்பாடு. "கண்ணால பார்த்தது ஐயா, இனிமே நான் ஜன்னலையே தொறக்க மாட்டேன்" என்று எழுந்து போனார். வாசல் தாண்டும்போது அதற்கும் ஒரு டிங் பின்னாலேயே போனது.

அத்தையின் முறை வந்தபோது அவள் அழுதாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அழுகை மையத்தின் வரம்புக்குள் வராது என்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி வந்தது. கடைசியாக மனைவி உங்களிடம் என்ன சொன்னார்? பயிற்சியில் இதற்கென்றே ஒரு வகுப்பு உண்டாம். குற்றவாளி கடைசி வார்த்தையை மழுப்புவான், நிரபராதி மலரவிடுவான்.

"ஏதோ வீட்டு விஷயம்" என்று மட்டும் சொன்னான். டிங்.

சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. ராத்திரி பகல் அதுதான் காதில் ஓடியது. சின்ன வாக்கியம். அதில் ஒரு அதட்டல் இருந்தது. சொன்னால் சண்டை என்று எழுதிக்கொள்வார்கள். ஆனால் அவன் சொல்லாததற்குக் காரணம் அதுவல்ல. அவன் பேருக்கு மணி அடித்தது, வேலைக்கு அடித்தது, குடித்த டீக்கு அடித்தது. அந்த ஒரு வாக்கியத்தின் தலையில் அது அடிப்பதை அவன் கேட்க விரும்பவில்லை.

*

நடையில் இருந்த பெஞ்சில் அருவி உட்கார்ந்திருந்தான். வாய் ஓயாததால் வந்த பட்டப்பேர். தொழில், வண்டிகளிலிருந்து பேட்டரி கழற்றுவது. பலமுறை இங்கே வந்திருக்கிறான். மணி ஒருமுறைகூட அவனுக்கு அடித்ததில்லை. அவனுடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்து 'உண்மைப் பேச்சின் மாதிரி' என்று பயிற்சி வகுப்பில் போட்டுக்காட்டுகிறார்கள். புது அதிகாரிகள் வரும் நாட்களில் அவனையே நேரில் அழைத்துப் பேசவும் வைப்பார்கள். டீயும் பன்னும் மையத்தின் செலவு.

"அண்ணே, இன்னிக்குக் கடைசியாமே?"

"ஆமா."

"பாருங்க, ஆமான்னு ஒத்த வார்த்தை. அங்கதான் மாட்டிக்கிறீங்க. ஆமாவுக்கு முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் போட வேணாமா?"

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்ப்பா, நீ நெசமாவே திருடலையா?"

"திருடுனேன் பெரியம்மா. உங்ககிட்ட என்ன, உங்ககிட்ட மணி இல்லையே."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அத்தை மாப்பிள்ளையின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். மகளுக்கும் இதே கை. அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

*

பின்வரிசையில் பயிற்சி அதிகாரிகள் நோட்டும் பேனாவுமாக இருந்தார்கள். மூலையில் இன்ஸ்பெக்டர். முன்பெல்லாம் விசாரணை இவர் கையில். கையில் என்றால் கையிலேதான். இப்போது யாரையும் தொடக்கூடாது என்று உத்தரவு. பெரிய உள்ளங்கைகள் இரண்டையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, வேலை நிறுத்தம் செய்த மில்லின் வாசல் போல உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் பயிற்சி அதிகாரிகளைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே, மனுஷன் பொய் சொல்லலாம். அவன் மொழி பொய் சொல்லாது. அவன் தயங்குற இடத்துல அது அவனைக் காட்டிக்கொடுத்துடும்."

ஒரு பயிற்சி அதிகாரி கையைத் தூக்கினார். "சார், உண்மை சொல்றவங்களும் பயத்துல தயங்குவாங்களே?"

"அருமையான கேள்வி. உண்மை சொல்றவனும் தயங்குவான், பொய் சொல்றவனும் தயங்குவான். ஆனா அது வேற தயக்கம், இது வேற தயக்கம்."

"எப்படி சார் பிரிச்சுப் பாக்குறது?"

"யார் பொய் சொல்றாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கிட்டா சுலபமா பிரிச்சிரலாம்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பேனா ஓடும் சத்தம் இயக்குநருக்கு உற்சாகம் கொடுத்திருக்க வேண்டும். குரலை உயர்த்தினார்.

"நேர்மையாச் சொல்றேன், இந்த மையம் தொடங்கினதுலேர்ந்து ஒரு தப்புகூட நடந்ததில்ல."

டிங்.

அறை அப்படியே நின்றது. மொழி ஆய்வாளர் அம்மாள் விரலைச் சூடு பட்டதுபோல உதறினார். "மன்னிச்சுக்கங்க சார், பழக்கதோஷம். 'நேர்மையா'ன்னு ஆரம்பிச்சா யோசிக்காம தட்டணும்னு நீங்கதான் சார்..."

மூலையில் இன்ஸ்பெக்டர் இருமினார். கொஞ்சம் நீளமான இருமல்.

இயக்குநர் முகம் மாறவில்லை. "எழுதிக்கங்க. உதவி இயக்குநரும் அதுக்கு மேல உள்ளவங்களும் பேசும்போது மணி செல்லாது. சுற்றறிக்கை வரும்." பயிற்சி அதிகாரிகள் அதையும் பாடத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டார்கள். இயக்குநர் நாற்காலியை இழுத்து அவன் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். அதன் கால்கள் தரையில் கீறிய சத்தத்தில் சிரிக்க இருந்தவர்களும் அடங்கிவிட்டார்கள்.

"லிஃப்ட் வேலை. அப்போ ஒரு பொருள் எப்படி விழும்னு படிச்சவர் நீங்க."

"எப்படி விழாம இருக்கும்னு படிச்சேன் சார்."

டிங். "அதிகாரியைத் திருத்துகிறார்," என்று ஆய்வாளர் அம்மாள் முணுமுணுத்தபடி குறித்தார்.

"மனைவி செத்தாங்க. நீங்க ஏன் அழல?"

"தெரியல."

டிங்.

"தெரியலையா, சொல்ல விருப்பமில்லையா?"

அவன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். அன்றிலிருந்து உடம்பு முழுக்க மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே மணி அடித்தது. தாமதம்.

"சார்," என்றார் இன்ஸ்பெக்டர் மூலையிலிருந்து. "காயம் விழுந்த காயம். பார்த்த சாட்சி இருக்கு. வீட்டுல சண்டை சத்தம் யாரும் கேட்கல. இது விழுந்ததுதான்னு எனக்குத் தோணுது."

"தோணுதா?" என்றார் இயக்குநர் திரும்பாமலே. "இன்னும் தோணிக்கிட்டா இருக்கீங்க? சாட்சி சம்பவத்தைப் பார்த்தவர். அவ்வளவுதான். சம்பவத்தை யார் வேணா பார்க்கலாம். நாம பார்க்க வேண்டியது சொல்லை."

இன்ஸ்பெக்டர் மறுபடி உள்ளங்கைகளைக் கவிழ்த்துக்கொண்டார்.

இயக்குநர் குனிந்தார். குரல் தணிந்தது. தணிந்த பிறகுதான் அவன் பயந்தான்.

"தம்பி, எனக்கு உங்க மேல கோபம் எதுவும் கிடையாது. இங்க வர்ற எல்லாரும் ஒண்ணுதான். இதுவரைக்கும் நீங்க பேசின எதுவுமே தேறல. ஒரே ஒரு கேள்வி பாக்கி. கடைசியா அவங்க உங்ககிட்ட என்ன சொன்னாங்க? சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து சொல்லுங்க. மணி அடிக்கலேன்னா வீட்டுக்குப் போகலாம். அடிச்சா, வெளியில வேன் நிக்குது. நான் கையெழுத்து மட்டும்தான் போடுறேன். முடிவு பண்றது உங்க மொழி."

*

நடைக்கு வந்தபோது அத்தை எழுந்து நின்றாள். வாசலில் நிற்கும் வேனை அவளும் பார்த்திருந்தாள்.

அருவி நகர்ந்து இடம் விட்டான். "என்னண்ணே, மூஞ்சி விழுந்து கெடக்கு. எது கேட்டாங்க, கடைசி வார்த்தையா?"

"ம்."

"அட, அது அல்வா கேள்விண்ணே. பெத்த அப்பன் உசுரோட இருக்கிறப்பவே அவரோட கடைசி வார்த்தையைச் சொல்ல எனக்கு வரும்." அத்தை பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் தண்ணீர் பிடித்து வரக் குழாயடிக்குப் போனாள். அவள் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு அருவி குரலைத் தாழ்த்தினான். "கேளுங்க. உண்மை எப்பவும் மொட்டையா இருக்கும். அதான் மணிக்காரம்மாவுக்குப் பிடிக்காது. நீங்க அதுக்குச் சட்டை போட்டுவிடணும். வெயில் எப்படி இருந்துச்சு, காத்துல என்ன வாசம், எங்கேர்ந்தோ ஒரு குருவி. நடுவுல ஒரு தடவை பேச்சை நிறுத்திட்டு, முகத்தைத் துடைச்சுக்குங்க. கடைசியில ஒரு நல்ல வசனம். போதும்."

"அவ சொல்லாததைச் சொன்னதா..."

"நடந்ததைச் சொல்லித்தானே இவ்வளவு நாளா மணியடி வாங்குறீங்க?"

அவன் தரையில் மஞ்சள் அம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைக் கொடுத்தால் அதன்மேல் மணி அடிக்கும், வேன் கதவும் திறக்கும். பொய்யைக் கொடுத்தால் அவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். அது அவளுடையது இல்லை. இப்படி யோசித்தபோது, அவள் போன பிறகு முதல்முறையாக அவனுக்கு ஒரு வேலை சுலபமாகத் தெரிந்தது.

அத்தை தண்ணீரோடு வந்தாள். அவன் குடித்துவிட்டு உள்ளே போனான்.

*

"சொல்லுங்க," என்றார் இயக்குநர்.

ஆய்வாளர் அம்மாளின் விரல் மணிக்கு மேலே நின்றது. கண் அட்டையின் பக்கம் போகாமல் அவன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டான்.

"அன்னிக்குக் காலையில வெயில் தங்கம் உருக்கி ஊத்தின மாதிரி இருந்துச்சு," என்று ஆரம்பித்தான்.

மணி அடிக்கவில்லை.

அன்று மேகமூட்டம். துணி காயுமா என்று அவள் இரண்டு தடவை வானத்தைப் பார்த்தாள்.

"ஜன்னல் வழியா காத்து வந்துச்சு. அதுல மழைக்கு முன்னாடி வர்ற மண் வாசம். எங்கேயோ ஒரு குயில் கூவுச்சு. நான் அவளைப் பார்த்தேன். அவ என்னைப் பார்த்தா."

பின்வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டார். தங்க வெயிலில் மழை வாசம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. விரல் அரை அங்குலம் உயர்ந்தது.

"அவ துணி வாளியை எடுத்துக்கிட்டா. பச்சை வாளி. கைப்பிடி உடைஞ்சது."

டிங்.

இவ்வளவு நேரம் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அந்த வாளி இன்னும் குளியலறையில் இருந்தது. சொன்னபோது குரல் தட்டையாகப் போயிருந்தது. எல்லா உண்மைக்கும் அவனுக்கு அந்தக் குரல்தான்.

இயக்குநரின் புருவம் நெளிந்தது. "வாளியில ஏதோ இருக்கு," என்றார் பயிற்சி அதிகாரிகளிடம். பேனாக்கள் உயர்ந்தன. வெளியே வேனின் இன்ஜினை யாரோ போட்டுப் பார்த்தார்கள்.

அவன் பேச்சை நிறுத்தினான். அருவி சொன்னபடி முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைக்க ஒன்றுமில்லை.

"மன்னிச்சுக்கங்க சார். அந்த வாளியைப் பத்திப் பேசினா நெஞ்சு அடைக்குது. எங்க கல்யாணத்துக்கு அவளோட தோழி கொடுத்தது. நிலா நிறத்துல இருக்கும். அதுல தண்ணி நிரப்பினா வானமே உள்ள எறங்கி வந்த மாதிரி இருக்கும்பா."

விரல் கீழே வரவில்லை. மெதுவாக விலகி மேசை ஓரத்துக்குப் போனது.

"ம், மேல சொல்லுங்க," என்றார் இயக்குநர். குரல் கரகரத்தது.

"வாசல்ல நின்னு திரும்பினா. என் கையைப் பிடிச்சுக்கிட்டா." வாளி எங்கே போயிற்று என்றும் யாரும் கேட்கவில்லை. "'உங்களோட வாழ்ந்த ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு பூ. நான் இல்லாமப் போனாலும் நீங்க அழக்கூடாது. நிலாவைப் பார்த்தா என்னை நினைச்சுக்கங்க'ன்னு சொன்னா. அதனாலதான் சார் நான் அழல."

கடைசி வரி அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பொய் ஒன்று ஓட ஆரம்பித்தால் பழைய கடனையெல்லாம் தானே அடைத்துக்கொண்டு போகிறது.

ஆய்வாளர் அம்மாள் விரலை மடக்கினார். அந்த விரல் மடங்கியதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். மடக்கிய விரலால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"பார்த்தீங்களா நண்பர்களே," என்றார் சற்றுப் பொறுத்து. "ஒரு சொல்கூட இட்டுக்கட்டினது இல்ல. இதை யாராலும் உட்கார்ந்து யோசிச்சுச் சொல்ல முடியாது. ஒரு பெண் துணி காயப்போடப் போகும்போதே தனக்கு வரப்போறது தெரிஞ்சு விடை வாங்கியிருக்கா. இதை இத்தனை நாள் மறைச்சீங்களே தம்பி, இதைத்தான் முதல் நாளே கேட்டோம்."

இன்ஸ்பெக்டர் அவனை ஒருமுறை பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பொய் கேட்ட முகம் அது. ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவுமில்லை.

*

சான்றிதழ் தயாரானது. வாக்குமூலம் முழுக்க உண்மை. இறந்தவரின் தாய் என்ற முறையில் அத்தையை நிற்கவைத்து, கடைசி வார்த்தைகளை இயக்குநரே வாசித்தார். பூவுக்கு ஒரு இடைவெளி, நிலாவுக்கு ஒரு இடைவெளி விட்டு வாசித்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்தால் இயக்குநரின் ஜீப்பைச் சுற்றிக் கூட்டம். டிரைவர் சாவியைத் திருகுகிறார், வண்டி உயிரே இல்லாமல் நிற்கிறது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் பேட்டரி இருந்த இடம் காலி.

இன்ஸ்பெக்டர் நேராக அருவியிடம் போனார். உள்ளங்கைகள் தாமாக விரிந்தன. பிறகு ஞாபகம் வந்து பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கடா?"

"ஐயா, நான் உள்ள பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். அப்போ ஒரு சின்னக் காத்து வந்துச்சு. யாரோ பன் வாங்கியிருப்பாங்க போல, வெண்ணெய் வாசம். எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு. கண்ணு கலங்கி அப்படியே..."

"விடுங்க இன்ஸ்பெக்டர்," என்றார் இயக்குநர். "அவன் உண்மையைத்தான் சொல்றான்."

இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்தார். அருவி ஒரு கோணிப்பையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கனத்தில் ஒருபக்கம் சாய்ந்தபடி, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு நடந்தான்.

*

பஸ் நிறுத்தத்தில் அவர்கள் இருவர் மட்டும். பஸ் வருவதாகத் தெரியவில்லை. அவன் பையிலிருந்து காலையில் கொடுத்த பன்னை எடுத்தான். நசுங்கியிருந்தது. பாதி பிய்த்து அத்தைக்குக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாளே தவிர சாப்பிடவில்லை.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க அத்தை."

"அந்த ஆபீசர் படிச்சாரே. பூவு, நிலான்னு."

"ம்."

"கேக்க நல்லாத்தான் இருந்துச்சு." கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தாள். "என் பொண்ணு அப்படியா பேசுவா?"

அவன் காது தன்னால் ஒரு சத்தத்துக்குக் காத்திருந்தது. அது வரவில்லை. ஒரு லாரி போனது. தெருவில் மணி என்று எதுவும் இல்லை.

"பேச மாட்டா அத்தை."

"பேசவே மாட்டா. எனக்கு ஆபரேஷன் நடந்தப்போ எல்லாரும் பக்கத்துல நின்னு அழுவுறாங்க. இவ வந்து, 'செத்துகித்துப் போயிடாதம்மா, பீரோ சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது'ங்கிறா. நர்ஸ் சிரிச்சிட்டா. நானும் சிரிச்சு, தையல் வலிச்சு..." அவள் நிறுத்தினாள். பன்னை மடியில் வைத்துக்கொண்டாள். "உங்களை உள்ள போட்டுடாம இருக்கத்தான் அப்படிச் சொல்லியிருப்பீங்க. அது புரியுது. அந்த எடத்துல வச்சு நான் கேக்க வேண்டாம்னுதான் இருந்தேன். இப்ப சொல்லுங்க மாப்பிள்ளை. எதுவா இருந்தாலும் சரி. திட்டிட்டுப் போயிருந்தாலும் சரி. எனக்கு அவ சொன்னதுதான் வேணும்."

அவன் வாயைத் திறந்தான். தன் குரலில் சொன்னால் அது தட்டையாகிவிடும் என்று அவளுடைய குரலிலேயே, அவள் இழுக்கும் இடத்தில் இழுத்து, அழுத்தும் இடத்தில் அழுத்திச் சொன்னான். அத்தைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கையால் வாயைப் பொத்தியும் அடங்காமல் தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று அவன் கவனிக்கவில்லை. அவன் முகம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அன்று காலை குளித்துவிட்டு வந்து, எப்போதும்போலத் துண்டைக் கட்டிலில் வீசிவிட்டு, அவன் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தான். அவள் பச்சை வாளியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். கட்டிலைக் கண்ணால் காட்டினாள். சொல்லிவிட்டுப் படியேறினாள்:

"நான் எறங்கி வரும்போது அந்த ஈரத் துண்டு கட்டில் மேல கெடந்துச்சு, மகனே, அப்புறம் இருக்கு உனக்கு."